குவிச்ச கை

அந்த வீடியோவை முதல்ல பாத்தப்போ, அந்தப் பொம்பளையை நானும்தான் திட்டுனேன்.

பார்லர்ல ஒரு கஸ்டமருக்குப் புருவம் திருத்திட்டு இருந்தேன். நூலோட ஒரு முனை என் பல்லுக்கு நடுவுல, மிச்சம் விரல்ல. அவங்க பேங்க்ல வேலை பாக்குறவங்க, பேங்க் அம்மான்னுதான் நாங்க சொல்லுவோம். கண்ணை மூடிக்கங்கன்னா கேக்கவே மாட்டாங்க, ஒத்தைக் கண்ணால போனைப் பாத்துட்டேதான் உக்காந்திருப்பாங்க. "ஐயையோ, இந்தக் கொடுமையைப் பாரேன்"னு போனை என் பக்கம் திருப்புனாங்க.

தூரத்துல இருந்து எடுத்தது. ஒரு ஜன்னல். அதுக்குள்ள வயசான மனுஷன் ஒருத்தர் குனிஞ்சு உக்காந்திருக்கார். பின்னாடி நின்னு ஒருத்தி அவர் முதுகுல ரெண்டு கையாலயும் மாறி மாறி அடிக்கிறா. அவர் வாயைப் பொளந்து கதறுறார். கதறுற சத்தம் கேக்கல, அதுக்குப் பதிலா ஒரு வயலின் அழுதுட்டு இருந்துச்சு. மேல பெருசா எழுதியிருந்தாங்க: 'பெத்த அப்பனுக்கு மகள் பரிமாறும் காலை விருந்து'.

நான் நூலை வாயிலேருந்து எடுத்துட்டேன். "இவளெல்லாம் நல்லா இருப்பாளா? கட்டைல போறவ! இந்தக் கை அழுகிப் போகாதா?"ன்னேன்.

"அப்படிக் கேளு"ன்னாங்க பேங்க் அம்மா.

வீடியோ முடிஞ்சு மறுபடி தானா ஓடுச்சு. அப்பதான் அந்தத் திரைச்சீலையைப் பாத்தேன். நீலத்துல வெள்ளை வட்டம் போட்டது, ஓரத்துல ஒரு வளையம் கழண்டு துணி தொங்குது. அந்த வளையத்தை மாட்டணும் மாட்டணும்னு நினைச்சு நினைச்சு மாட்டாம விட்டது நான்தான். அது என் வீட்டுத் திரை. அந்த மனுஷன் என் அப்பா. கட்டைல போறவ நான்.

ஒரு புருவம்தான் முடிஞ்சிருந்துச்சு. "என்ன, நிறுத்திட்டே?"ன்னாங்க. "ஒண்ணுமில்லம்மா, கண்ணை மூடுங்க"ன்னு மிச்சத்தையும் இழுத்து முடிச்சேன். அன்னைக்குப் போன பேங்க் அம்மாவுக்கு ஒரு புருவம் மட்டும் யாரையோ சந்தேகப்படுற மாதிரி மேல ஏறித்தான் இருந்திருக்கும்.

அப்பா கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிச்சவர். ஒர்க்‌ஷாப்ல அவருக்குப் பேரே 'கலர்'தான். மூக்குல துணியைக் கட்டிக்கய்யான்னு யாராவது சொன்னா, "துணி கட்டுனா பெயிண்ட் காஞ்சுதா இல்லையான்னு வாசனை தெரியாது"ம்பார். வாசனை பாத்தது போதும்னு நுரையீரல் சொல்லிடுச்சு. உள்ள இருக்கிற குழாயெல்லாம் விரிஞ்சு தொளதொளன்னு ஆயிடுச்சாம். சளி அங்கேயே தங்கிக்கும், தானா மேல ஏறி வராது. மருந்து அதை இளக்கத்தான் செய்யும். தட்டித்தான் கிளப்பணும், காலையிலயும் சாயங்காலமும்.

ஆஸ்பத்திரியில பிசியோ அக்கா சொல்லிக் குடுத்தாங்க. கையை விரிச்சு வச்சு அடிச்சா வலிக்கும். தண்ணி மொண்டு குடிக்கிற மாதிரி கையைக் குவிச்சுத் தட்டுனா, உள்ளங்கையில காத்து மாட்டிக்கிட்டு டொப்பு டொப்புன்னு சத்தம் பெருசா வரும், வலி இருக்காது. "சத்தம் வரலேன்னா நீங்க தட்டல, தடவுறீங்கன்னு அர்த்தம்"னாங்க. அண்ணனும் அன்னைக்குக் கூட இருந்தான். கிண்ணத்துல முதல் சளி விழுந்ததும் "ஒரு போன் வருது"ன்னு வெளிய போனவன்தான், பாடம் முடியுற வரைக்கும் ஆளைக் காணோம்.

அப்பாவை ஜன்னல் பக்கமாத்தான் உக்கார வைப்பேன். ஜன்னல் திண்டுல தலையணை, அது மேல நெஞ்சைச் சாச்சுக்குவார். தட்டும்போது 'ஆ'ன்னு நீட்டி இழுப்பார். என் கை பட்டுப் பட்டு அந்த 'ஆ' உடைஞ்சு, ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி வரும். அவருக்கு அதுல ஒரு குஷி. "கச்சேரி ஆரம்பிச்சாச்சு, டிக்கெட் போடலாமா?"ம்பேன். சளியெல்லாம் வெளிய வந்து நெஞ்சு காலியானதும் ரோட்டுல போற காரைக் குறை சொல்ல ஆரம்பிப்பார். "அந்த நீலக் காரைப் பாரு, முன்கதவு மட்டும் வேற நீலம். எங்கேயோ இடிச்சிருக்கான், மறைச்சு வித்திருக்கான்." அவர் அப்படி மூச்சு விடாம முழுசாப் பேசிட்டார்னா அன்னைக்கு நெஞ்சு சுத்தம், நான் நிம்மதியா வேலைக்குக் கிளம்பலாம்.

அந்தக் கச்சேரியைத்தான் எவனோ எவளோ எதிர்ப்பக்கம் நின்னு எடுத்து, சத்தத்தைப் பிடுங்கிட்டு வயலினை வச்சுட்டாங்க.

போட்டது 'மனசாட்சி'ன்னு ஒரு ஃபேஸ்புக் பக்கம். அதோட நெத்தியில 'தீர விசாரிப்பதே மெய்'னு எழுதியிருக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பக்கத்துக்காரன் மட்டும் கையில கிடைச்சிருந்தா, நிஜமாவே கையை விரிச்சு ஒண்ணு வச்சிருப்பேன். கமெண்ட்டை எல்லாம் உக்காந்து படிச்சேன். படிக்காதேன்னு மனசு சொல்லுது, கட்டைவிரல் கேக்குதா? 'இவளுக்குப் பிள்ளை பிறக்காம இருக்கணும்.' 'முகவரி கொடுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்.' 'கை அழுகிப் போகும்.' அந்தக் கடைசி வரியைப் படிச்சப்போ, இதை நாமளே எழுதுனோமான்னு ஒரு நிமிஷம் திக்குன்னு ஆச்சு.

அப்பா வீடியோவைப் பாத்துட்டுச் சிரிச்சார். "நான் இவ்வளவு நல்லா நடிக்கிறேனாடி?" அவரைப் பக்கத்துல உக்கார வச்சு நானும் ஒரு வீடியோ எடுத்தேன். இது அடி இல்ல, வைத்தியம்னு கையைக் குவிச்சுக் காமிச்சு விவரமாச் சொன்னேன். அப்பாவும், "என் பொண்ணு தங்கம்"னு ஆரம்பிச்சார், பாதியில இருமல் வந்துடுச்சு. இருமி முடிச்சுட்டு அசட்டுச் சிரிப்பு சிரிச்சார். அதுக்கு என்ன எழுதுனாங்க தெரியுமா? 'பாவம், பயத்துல சிரிக்கிறார்.' 'மிரட்டிச் சொல்ல வச்சிருக்கா, கண்ணைப் பாருங்க.' பிசியோ அக்கா தானா முன்வந்து ஒரு விளக்கம் போட்டாங்க. அவங்களையும் 'எவ்வளவு வாங்குனீங்க'ன்னு கேட்டாங்க. சமூக நலத்துறை அதிகாரி ஒருத்தர் வீட்டுக்கே வந்து விசாரிச்சு, மருந்துச் சீட்டெல்லாம் பாத்து, நான் தட்டுறதையும் பாத்து, தப்பு எதுவும் இல்லேன்னு சொல்லிட்டுப் போனார். அதை எந்தப் பக்கமும் போடல. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாதும்பாங்க. இப்ப ஊருக்கு வாய் ஒண்ணா ரெண்டா?

கீழ் வீட்டு அக்காகிட்ட எவனோ போனை நீட்டிக் கேட்டிருக்கான். நான் கொஞ்சம் சத்தமாப் பேசுற ஆளு, ஒளிக்க மாட்டேன். மாத்திரை சாப்பிடலேன்னா அப்பாவை ஒரு பிடி பிடிப்பேன். வீட்டுல எனக்குப் பேரே 'பட்டாசு'. கீழ் வீட்டு அக்கா, "மேல எப்பவும் சத்தம் கேக்கும், ஆனா அந்தப் பொண்ணு அப்பா மேல உசிரையே வச்சிருக்கு"ன்னு சொல்லியிருக்காங்க. வெளிய வந்தது 'மேல எப்பவும் சத்தம் கேக்கும்' வரைக்கும்தான். அந்தக்கா படியில என்னைப் பாத்து, "நான் முழுசாச் சொன்னேன்டி, சத்தியமா முழுசாச் சொன்னேன்"னு அழுதாங்க. அவங்களை நான் தேத்த வேண்டியதாப் போச்சு.

பார்லர்ல முதலாளியம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. "எனக்கு உன்னைத் தெரியும்மா. ஆனா வர்றவங்க உன் கை படவேண்டாம்ங்கிறாங்களே, நான் என்ன செய்யட்டும்?" எத்தனை வருஷமா இந்தக் கை தலையைப் பிடிச்சு விட்டா தூங்கியே போயிடுவாங்க, அதே ஜனங்க. அன்னையிலேருந்து பின்கட்டுல டவல் துவைக்கிற வேலை. கண்ணாடியில ஆள் தெரியாத இடமாப் பாத்து என்னை வச்சுட்டாங்க.

சரி, வெறும் வாயை மெல்லுறவங்களுக்கு அவல் கிடைச்சிருக்கு, மென்னுட்டுப் போகட்டும்னு விட்டிருப்பேன். ஆனா எனக்குள்ளயே ஒண்ணு நுழைஞ்சுடுச்சு. அதைத்தான் என்னால தாங்க முடியல. டவலைப் பிழிஞ்சுட்டே அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பாப்பேன். அந்தப் பொம்பளையோட தோள் ஏறி இறங்குறதைப் பாப்பேன். இவ்வளவு வேகமாவா தட்டுறேன்? அன்னைக்குக் காலையில எனக்கு ஏதாவது கோபம் இருந்துச்சா? பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சதே, அது அன்னைக்குத்தானா? அந்தக் கடுப்பை அவர் முதுகுல காமிச்சுட்டேனா? பாக்கப் பாக்க, அந்த ஜன்னல்ல இருந்தவளை எனக்கே பிடிக்கல.

வீட்டுல திரையை இழுத்து மூடி, ஓரத்துக்கு ஊக்கு குத்திட்டேன். ரோட்டுல நடந்தா எதிர் மாடி, எதிர் ஜன்னல், பால்கனின்னு கண்ணு அலையும். துணி காயப் போடுறவங்க கையில என்ன இருக்குன்னு பாப்பேன். அப்பாவைத் தட்டும்போது என் கை தானா மெதுவாச்சு. சத்தம் வெளிய கேட்டுடுமோன்னு பயம். டொப்பு டொப்பு போயி, பூனை நடக்குற மாதிரி ஆயிடுச்சு. கிண்ணத்துல எச்சில்தான் விழுந்துச்சு, சளி விழல. ரெண்டு நாள் பாத்துட்டு அப்பா திரும்பினார்.

"யாருக்காகடி தட்டுற?"

"உங்களுக்குத்தான், வேற யாருக்கு?"

"எனக்குன்னா எனக்குக் கேக்கணும்ல?" சொல்லி முடிக்கிறதுக்குள்ள மூச்சு வாங்குச்சு.

நான் அழுதுட்டேன். அழுதுட்டே நல்லாத் தட்டுனேன். அன்னைக்குச் சளி வந்துச்சு.

அடுத்த நாள் மூணு பேர் கதவைத் தட்டுனாங்க, ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடிச்சுட்டே. "ஐயாவைக் காப்பாத்த வந்திருக்கோம்." அப்பா அவங்களை உக்காரச் சொன்னார், தண்ணி வேணுமான்னு கேட்டார். அதுல ஒரு பொண்ணு அவர் கையைப் பிடிச்சு, "பயப்படாதீங்க ஐயா, உண்மையைச் சொல்லுங்க"ன்னு கண் கலங்குனா. நல்ல பொண்ணுதான். அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். அவ கண்ணுல நான் பேயாத் தெரியுறேன், அவ நிஜமாவே அழுறா. போகும்போது கூட வந்தவன் எங்க வாசலையும் கதவு நம்பரையும் எடுத்துட்டுப் போனான்.

அதுக்கப்புறம்தான் அண்ணன் வந்தான். ஊரோட இன்னொரு மூலையில, லிஃப்ட் வச்ச பெரிய அப்பார்ட்மெண்ட்ல இருக்கான், கணக்கு டியூஷன் நடத்துறான். வந்ததும் அப்பாவோட சட்டையை எல்லாம் பையில எடுத்து வைக்க ஆரம்பிச்சான்.

"எனக்குத் தெரியாதாடி? நீ அப்பாவை எப்படிப் பாத்துக்கறேன்னு எனக்குத் தெரியும்"னான்.

"தெரியும்ல? அப்ப அதைப் போய்ச் சொல்லு."

"யார்கிட்டச் சொல்ல? உங்க தங்கச்சியாமேன்னு லிஃப்ட்ல கேக்குறாங்க. டியூஷன் பசங்களோட அம்மா அப்பா கேக்குறாங்க. இன்னும் அங்கேயே விட்டு வச்சிருக்கீங்களேன்னு கேக்குறாங்க. நானும் உடந்தைங்கிற மாதிரி பாக்குறாங்கடி."

"ஓஹோ, அப்ப அப்பாவைக் கூட்டிட்டுப் போக வரல. உன் பேரைக் காப்பாத்த வந்திருக்க."

"ரெண்டும் ஒண்ணாவே நடக்கட்டுமே, என்ன இப்போ?"

நான் கத்த வாயைத் திறந்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்துனார். "போயிட்டு வரேன்மா. கொஞ்ச நாள். இவங்க வேற கதைக்குப் போயிடுவாங்க, அப்ப வரேன்." அப்புறம் என்னை மட்டும் பக்கத்துல கூப்பிட்டுச் சொன்னார். "வாசலைப் படம் எடுத்துட்டுப் போயிருக்கான். எவனாவது உன் மேல கையை வச்சா, ஓடி வந்து தடுக்க எனக்கு மூச்சில்லடி."

அதுக்கு மேல நான் என்ன பேச? அண்ணனோட கையைப் பிடிச்சுக் குவிச்சு விட்டேன். "இப்படி வை. என் முதுகுல தட்டிக் காமி." தட்டினான். தூசி தட்டுற மாதிரி இருந்துச்சு.

"சத்தம் வரலியே."

"வரும் வரும். போகப் போக வரும்."

வீடு காலியாக் கிடந்துச்சு. காலையில கை தானா குவியும், தட்ட முதுகு இல்ல. போன் பண்ணா அண்ணன், "நல்லா இருக்கார், தூங்குறார்"ம்பான். எப்பக் கேட்டாலும் தூங்குறார். அப்பா பகல்ல தூங்குறவரே இல்ல. சளி கட்டுனாத்தான் அவருக்கு அப்படி அசதி வரும். நான் சமைப்பேன், சாப்பிட மாட்டேன். டவலை மடிப்பேன், பிரிப்பேன், மறுபடி மடிப்பேன். முதலாளியம்மா, "அது ஏற்கெனவே மடிச்சதும்மா"ன்னாங்க.

அப்பதான் அடுத்த வீடியோ வந்துச்சு. அதே மனசாட்சி. 'மகள் அடித்தாள், மகன் அணைத்தான்.' பக்கத்து பால்கனியிலேருந்து எவரோ எடுத்திருக்காங்க. அண்ணன் வீட்டுப் பால்கனி, செடித்தொட்டி, காலை வெயில். அப்பா நாற்காலியில இருக்கார், புதுச் சட்டை. அண்ணன் பின்னாடி நின்னு முதுகை நீவி விடுறான், மேலேருந்து கீழ, கண்ணாடிப் பாத்திரத்தைத் துடைக்கிற மாதிரி. இந்தத் தடவை வயலின் இல்ல, புல்லாங்குழல். கீழ ஒரே இதயமா கொட்டியிருக்கு. 'பிள்ளைன்னா இப்படி இருக்கணும்.' 'அழுதுட்டேன்.' 'ஐயா முகத்துல எவ்வளவு அமைதி.'

நான் அமைதியைப் பாக்கல, கழுத்தைப் பாத்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ள போகுது. தோள் ரெண்டும் மேல ஏறுது. உதடு பெயிண்ட் உரிஞ்ச மாதிரி சாம்பலா இருக்கு. வாய் மூடியிருக்கு. 'ஆ' இல்ல. லட்சம் பேர் பாத்துட்டு அமைதின்னு எழுதியிருக்காங்க, என் அப்பா மூச்சுக்குத் தவிச்சுட்டு இருக்கார்!

அண்ணனுக்குப் போன் போட்டேன். "தட்டுறியா?"

"தட்டிட்டுத்தான்டி இருக்கேன்."

"சத்தம் வருதா?"

டியூஷன் பசங்க வந்துட்டாங்கன்னு போனை வச்சுட்டான்.

பிழிஞ்ச டவலை அப்படியே போட்டுட்டுக் கிளம்பினேன். பஸ்ல உக்கார முடியல, நின்னுட்டே போனேன். அந்த லிஃப்ட்ல கூட ரெண்டு பொம்பளைங்க ஏறுனாங்க. ஒருத்தி என்னைப் பாத்தா, போனைப் பாத்தா, மறுபடி என்னைப் பாத்தா. அண்ணன் மாடியில நான் இறங்குனேன், அவங்களும் இறங்குனாங்க. எனக்குத் திரும்பிப் பாக்க நேரமில்ல. கதவைத் திறந்த அண்ணியைத் தள்ளிட்டு உள்ள ஓடுனேன், கதவை யார் சாத்துறது?

அப்பா சோபாவுல சாஞ்சிருந்தார். கிட்டப் போகும்போதே நெஞ்சு கரகரன்னு கேட்டுச்சு, தண்ணிக்குள்ள குழாயை விட்டு ஊதுற மாதிரி. என்னைப் பாத்துச் சிரிக்கப் பாத்தார், சிரிப்புக்கு மூச்சு பத்தல.

"நானும் சொன்னேன், கொஞ்சம் பலமாத் தட்டுங்கன்னு"ன்னாங்க அண்ணி, குரல் உடைஞ்சு. "பக்கத்து வீட்டுக்குக் கேக்கும், எவனாவது எடுத்துப் போட்டுடுவான்ங்கிறார்."

டீப்பாயைச் சோபா பக்கம் இழுத்தேன், தலையணையைப் போட்டேன், அப்பாவை உக்கார வச்சுக் குனிய வச்சேன். கையைக் குவிச்சுத் தூக்கினேன்.

"வேண்டாம்டி, பாக்குறாங்க!"ன்னான் அண்ணன்.

திரும்பினேன். திறந்த கதவுல ஒரு கும்பலே நின்னுச்சு. லிஃப்ட் பொம்பளைங்க, எதிர் வீட்டுக்காரர், யார் யாரோ. எல்லார் கையிலயும் போன், எல்லா போனும் என்னைத்தான் பாக்குது. தூக்குன கை அந்தரத்துல நின்னுடுச்சு. சத்தியமாச் சொல்றேன், அது கீழ இறங்க மாட்டேன்னுடுச்சு. ஜன்னல்ல இருந்த அந்தப் பொம்பளைதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சா.

அப்போ அப்பா தலையணையில முகத்தை வச்சுட்டே வாயைத் திறந்தார். "ஆ..."ன்னார். மூச்சே இல்லாத ஒரு 'ஆ', பக்கத்துல இருக்கிற எனக்கு மட்டும் கேக்குற அளவுக்கு. கச்சேரியை ஆரம்பிச்சுட்டார். நான் தாளம் போடணும்.

தட்டுனேன். டொப்பு டொப்புன்னு அந்த ஹாலே அதிர்ந்துச்சு. "ஐயோ, அடிக்கிறா!"ன்னு ஒருத்தி அலறுனா. "போலீசைக் கூப்பிடுங்க"ன்னு இன்னொருத்தர். நான் நிறுத்தல. வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது. 'ஆ' உடைஞ்சு உடைஞ்சு பெருசாச்சு. "கிண்ணம், கிண்ணம்!"னு கத்துனேன். அண்ணி கண்ணாடி ஷெல்ஃபைத் திறந்து, விருந்தாளிக்கு மட்டும் எடுக்கிற பூப்போட்ட கிண்ணத்தைக் கொண்டாந்து அவங்களே பிடிச்சாங்க. அப்பா உடம்பே குலுங்க இருமுனார். வந்துச்சு. கெட்டியா, பச்சையா, கிண்ணம் நிறைய வந்துச்சு.

கதவுல நின்ன கும்பல் 'உவ்வே'ன்னு முகத்தைத் திருப்புச்சு. ஒவ்வொருத்தரா போனை இறக்கிப் பையில போட்டுக்கிட்டாங்க. அடி நல்லாப் பதிவாகியிருக்கும். சளியை எவரும் எடுக்கல.

அண்ணன் கதவுக்குப் போனான். ஏதோ சொல்லப் போறான்னு நானும் கையை நிறுத்திட்டுப் பாத்தேன். இப்பவாவது சொல்லுவான். அவன் கை கூப்பி, "ஒண்ணுமில்லங்க, நான் பாத்துக்கறேன். அவ கொஞ்சம் உணர்ச்சிவசப்படுறவ"ன்னான்.

கன்னத்துல அறைஞ்சிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது.

அப்பா வாயைத் துடைச்சுக்கிட்டு நிமிர்ந்தார். உதட்டுல கலர் ஏறியிருந்துச்சு. "டேய்"னார். அண்ணன் திரும்பினான். "நீ தடவுனது சுகமாத்தான்டா இருந்துச்சு. இன்னும் ரெண்டு நாள் தடவியிருந்தா, அப்படியே சுகமாப் போய்ச் சேந்திருப்பேன்." ஒரே மூச்சுல சொன்னார்.

நான் அவர் கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டு வந்தப்போ, லிஃப்ட் பொம்பளைங்க ரெண்டு பேரும் ஒதுங்கி வழி விட்டாங்க. அதுல ஒருத்தி மெதுவா அப்பாகிட்ட, "ஐயா, இவங்க உங்களை அடிக்கிறாங்கதானே? தைரியமாச் சொல்லுங்க"ன்னா.

"இவ தட்டலேன்னா உங்ககிட்டப் பேசவே எனக்கு மூச்சிருக்காதும்மா"ன்னார் அப்பா. "காலையிலயும் சாயங்காலமும் என் பொண்ணு எனக்கு உசிரைக் குடுக்குறா. இதையும் போடுங்க."

அந்தம்மா வெறுங்கையோட நின்னாங்க. போன் பைக்குள்ள இருந்துச்சு.

நாங்க வீடு வந்து சேர்றதுக்குள்ள அது வந்துடுச்சு. 'அண்ணன் வீட்டில் புகுந்து மீண்டும் வெறியாட்டம்.' அதே பழைய வயலின். அண்ணன் செய்தி அனுப்பியிருந்தான்: 'அப்பா எப்படி இருக்கார்? நான் விளக்கம் ஏதாவது போடவா?' நான் எழுதுனேன்: 'விளக்கம் வேண்டாம். தட்டக் கத்துக்கோ. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தா ஆள் வேணும்.' ஒரு கட்டைவிரலை அனுப்பி வச்சான். மகராசன், அந்த விரலையாவது மத்த நாலோட சேத்துக் குவிச்சிருக்கலாம்.

காலையில எந்திரிச்சதும் முதல் வேலையா அந்தக் கழண்ட வளையத்தை மாட்டினேன். இப்ப திரை இடுக்கில்லாம மூடுது. திண்டுல தலையணையைப் போட்டு அப்பாவை உக்கார வச்சேன்.

"ரோடு தெரியலயே"ன்னார்.

"வேண்டாம்ப்பா. இருக்கட்டும்."

"திறடி. இருட்டுல என்ன கச்சேரி?"

கொஞ்ச நேரம் திரையைப் பிடிச்சுட்டு நின்னேன். அப்புறம் ஒரே இழுவையா இழுத்தேன். வெளிச்சம் அப்பா மேல விழுந்துச்சு. எதிர் மாடியில யாரோ ஒருத்தர் நின்னுட்டு இருந்தாங்க, கையில இருந்தது போனா டம்ளரான்னு தெரியல. என் கண்ணு அங்கேயே போச்சு. இழுத்துக் கொண்டாந்து அப்பா முதுகுல வச்சேன். கையைக் குவிச்சேன்.

டொப்புன்னு முதல் தட்டு. தெருவுக்கே கேட்டிருக்கும். அப்பா 'ஆ'ன்னு எடுத்தார், ஆட்டுக்குட்டி கத்துச்சு, கிண்ணம் நிறைஞ்சுச்சு. அப்புறம் அவர் கண்ணைச் சுருக்கி ரோட்டைப் பாத்தார்.

"அந்த வெள்ளைக் காரைப் பாரு. பின்கதவு மட்டும் வேற வெள்ளை."

"எனக்கு எல்லாம் ஒரே வெள்ளையாத்தான் தெரியுது."

"போறபோக்குல பாத்தா அப்படித்தான் தெரியும். நின்னு பாரு."

நான் பாக்கல. பார்லருக்கு நேரமாயிட்டு இருந்துச்சு, டவல் குவிஞ்சு கிடக்கும், இடது பக்கம் இன்னும் பாக்கி. எதிர் மாடியில இருந்தவங்க போகல, கையையும் இறக்கல. நான் அடுத்த பக்கத்துக்கு மாறி, இன்னும் நல்லாச் சத்தம் வர்ற மாதிரி தட்டுனேன்.